பாலேஸ்வரி அக்காவின் சாடைப் பேச்சு

பாலேஸ்வரி அக்காவைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தங்கமான மனுசி என்பார்கள் ஒரு பகுதி. வாயிருந்தும் ஊமை என்பார்கள் மறு பகுதி. அவருடைய பட்டறையில் ஆறு வருசம் துணி தோய்க்கும் சவர்க்காரத்துக்குக் கடதாசி சுற்றியவள் நான். என்னைக் கேட்டால் இரண்டும் சரி. அந்த இரண்டாவதால்தான் ஒரு மனுசனுக்குக் கண் போனது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கணவரையும் கொழும்பு வீட்டையும் ஒரே நாளில் இழந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர் அக்கா. கணவரின் தமையன் கொக்குவிலில் சவர்க்காரம் காய்ச்சும் பட்டறை வைத்திருந்தார். எண்பத்தொன்பதில் அவர் கனடாவுக்குப் போனபோது பட்டறையை அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டார். பதினொரு பேர் வேலை. எல்லாரையும் கட்டி மேய்க்க வேண்டியவர், ஒருவரையும் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லமாட்டார். எல்லாம் சாடைதான்.

சாடை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கைவந்ததுதான். சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடமோ கோழியிடமோ சொல்லுவது. உரியவர் காதில் விழுந்தால் போதும். அக்கா அதில் மகா கெட்டிக்காரி. பிந்தி வருகிறவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "இந்த மணிக்கூடாவது நேரத்துக்கு ஓடுது" என்பார். உடைந்த சவர்க்காரத் துண்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒருநாள் என் முன்னால் பூனையைப் பார்த்து, "உனக்குச் சாப்பாடு போட்டு என்ன, எலி எல்லாத்தையும் கொண்டு போகுது" என்றார். எனக்கு முகம் சுட்டது. அடுத்த நாளிலிருந்து எடுக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் என் மானம் தப்பியது. அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. அதனால்தான் பிறகு நடந்ததற்கும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேனோ என்னவோ.

தொண்ணூற்றிரண்டில் சண்டையும் பொருளாதாரத் தடையும், வெளிச் சாமான் எதுவும் வராது. சவர்க்காரத்துக்குச் சனம் ஆலாய்ப் பறந்தது. எண்ணெய் காய்ச்சும் எங்கள் பெரிய கிடாரத்தடியில் இரண்டு பேர். ஒருவர் தம்பிஐயாண்ணை, மயிலிட்டியில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். இடம்பெயர்ந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூட அகதி முகாமில் இருந்தார். காய்ச்சியதில் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்தே பதம் சொல்லுவார். மற்றவர் செல்வரட்ணம், உள்ளூர்க்காரர். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் வெடித்து, நூலால் கட்டியிருந்தது. புதுக் கண்ணாடிக்கு அந்த நாளில் எங்கே போவது?

சூடான எண்ணெய்க்குள் காரத் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அது மேலில் பட்டால் தோல் வெந்துவிடும். ஒருநாள் தம்பிஐயாண்ணை வாளியின் கைபிடியைப் பிடிக்கக் கையை நீட்டினார். கை வெறும் காற்றைத்தான் பிடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. அக்கா பார்த்துவிட்டார், நானும் பார்த்தேன். அவருடைய இரண்டு கண்களிலும் படலம் விழுந்திருந்தது.

"இண்டைக்குச் சொல்லுறன் பூரணம்" என்றார் அக்கா என்னிடம். மூன்று நாள் இதே கதை.

"உள்ளை கூப்பிட்டுச் சொல்லுங்கோவன் அக்கா."

"கடலிலை நிண்ட மனுசன். உங்களுக்குக் கண் தெரியேல்லை, வந்து பெண்டுகளோடை இருந்து கடதாசி சுத்துங்கோ எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

நாலாம் நாள் தேநீர் நேரம் இரண்டு ஆண்களும் பக்கத்தில் இருக்க, அக்கா என்னிடம் சொன்னார்: "பூரணம், பார்வை குறைஞ்ச ஆக்கள் கிடாரத்தடியிலை நிக்கிறது சரியான ஆபத்து. தாங்களா விளங்கி விலகினா நல்லம். நான் வேறை வேலை குடுக்காமல் விடமாட்டன்."

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? அக்காவின் சுவரும் பூனையும் அன்றைக்கு நான்தான்.

தம்பிஐயாண்ணை தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். செல்வரட்ணம் பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் செல்வரட்ணம் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு நிற்கிறார் என்று கதை வந்தது. வெடித்த கண்ணாடியைத்தான் அக்கா சாடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, ரோசத்தோடு போய்விட்டார் மனுசன்.

எனக்கு வந்தது கோபம். "போய் அவரில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

"அவரில்லை எண்டா, அப்ப ஆர் எண்டு கேப்பாரே! என்னத்தைச் சொல்ல?"

அவர் போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. "அண்ணை, கொஞ்சம் இடப்பக்கம்", "அண்ணை, வாளி இஞ்சை" என்று செல்வரட்ணம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது சும்மா பேச்சில்லை. தம்பிஐயாண்ணைக்குக் கண்ணாக இருந்தவரே அவர்தான். அது விளங்கிய பிறகாவது அக்கா வாயைத் திறந்திருக்கலாம். "திங்கக்கிழமை கட்டாயம் கதைக்கிறன்" என்றார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பிஐயாண்ணை வாளியைக் கிடாரத்தின் விளிம்பில் இடித்தார். காரத் தண்ணீர் எகிறி முகத்தில் அடித்தது.

அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை. கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம், ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு ஒரு தட்டிவானை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

ஒன்பதாம் நாள் டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, பார்வை திரும்பாது என்றார். மகள்மாருக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்கிற நேரமெல்லாம் "பாப்பம் அப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதார்கள். அக்கா கட்டிலடியில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் உங்களுக்கு நேரை சொல்லியிருக்க வேணும்."

தம்பிஐயாண்ணை கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பினார். "எனக்குத்தான் சொன்னனீங்கள் எண்டு அப்பவே விளங்கினது பிள்ளை. செல்வம் தன்னை எண்டு நினைச்சுப் போனதும் தெரியும். பேர் சொல்லேல்லைத்தானே, நிக்கலாம் எண்டு நிண்டிட்டன். நேரை கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டன்."

எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரமாக வந்தது, என்னிலும்தான்.

"கண் வருமே பிள்ளை? ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லினமில்லை."

பழக்க தோசம், அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அந்த மனுசனுடைய கையைப் பிடித்தார்.

"வராது அண்ணை. இரண்டும் வராது."

தம்பிஐயாண்ணை மற்றக் கையால் கண்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "செல்வத்திட்டையும் போய்ச் சொல்லுங்கோ. அவன் பாவம், தன்ரை கண்ணைத்தான் நீங்கள் பழிச்சனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான்" என்றார்.

அன்று பின்னேரமே அக்கா நல்லூருக்குச் சைக்கிளை எடுத்தார். நானும் வரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகத்தான் போனார்.