சாவடிக்குள் ஒரு வீடு

அரசாங்கம் எனக்குத் தந்த பொருட்களில் நான் மிகவும் பயந்தது ஒரு மஞ்சள் கருவிக்குத்தான். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். சுனாமியில் கடல் ஏறி வடிந்த அடுத்த வருடம் மட்டக்களப்பில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நீங்கள் எங்கே நின்றாலும் வானத்தில் பூமியைச் சுற்றும் செய்மதிகளைக் கேட்டு இது சரியான இடத்தைச் சொல்லிவிடும் என்றார் பயிற்சி தந்தவர். நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அன்றைக்கு எங்கள் பகுதியில் உயிரோடு இருக்கும் வழி. அதையும் மெசின் வைத்துக் கெடுக்கப் பார்த்தார்கள்.

வேலை சுலபமானது. வீடிழந்தவரின் வளவில், வீடு நின்ற காணியில், திறந்த வெளியில் நின்று பொத்தானை அமத்தினால் இடம் பதிவாகும். அந்த வளவு கடலிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே வீடு கட்ட விடலாமா என்பதைக் கணினி தீர்மானிக்கும். மனிதர் அளந்தால் சொந்தபந்தம் பார்ப்பார்கள், மெசின் பார்க்காது என்று மேலே உள்ளவர்கள் நம்பினார்கள். மெசினைப் பிடித்திருக்கிறவன் நடுங்குவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கதிரவெளியில் ஒரு அக்காவின் வளவு மட்டும் விடுபட்டிருந்தது. மற்றவர்களை அளந்த நாளில் அவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடல் அவருடைய புருசனையும் வீட்டையும் கொண்டுபோய், அத்திவாரத்தை மட்டும் விட்டிருந்தது. அந்த ஒரு வளவுக்காக என்னை அனுப்பினார்கள்.

வழியில் இராணுவச் சாவடி. அதைத் தாண்டினால் இராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் பகுதி. கருவியோடு எந்தப் பக்கம் பிடிபட்டாலும் என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பயத்தில் வருகிற யோசனை எல்லாம் அறிவாளித்தனமாகத்தான் தெரியும். கருவியைப் பையில் சுற்றிச் சோற்றுப் பார்சலுக்குள் புதைத்தேன். அலுவலகக் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் காட்டினால் போதும் என்ற ஞானம் சாவடியைக் கண்டதும் ஆவியாகிவிட்டது.

சிப்பாய் பார்சலை அவிழ்த்தான். கத்தரிக்காய்க் கறிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒன்று எழும்பியது.

"மேக்க மொக்கத?"

இது என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ் டிக்கெட் எடுக்க மட்டுமே போதும். "சேர், இடம்... கவர்மென்ட்... இடம்..." என்றேன். போட்டுக் காட்டு என்று சைகை செய்தான். போட்டேன். வெடிக்காது என்று நிரூபிக்கப் பொத்தானையும் அமத்தினேன். கருவி 'பீப்' என்று சாவடியை அழகாகப் பதிந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கடிதம் நினைவு வந்தது. காட்டினேன், போ என்று விட்டான்.

கதிரவெளியில் அக்கா அத்திவாரத்துக்குள் அடுப்பு மூட்டியிருந்தார். நான் அவசரத்தில் அதன் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தேன்.

"என்ன மனே, சுவருக்குள்ளால வாறீங்க? வாசல் அங்கால இரிக்கு."

சுற்றிப்போய், இல்லாத வாசலால் நுழைந்தேன்.

"இதுதான் ஹோல். இதில நிண்டு அளங்க."

வேலிக்கு வெளியே இரண்டு பேர் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வாங்க வந்தவர்களாகவே இருக்கலாம். நான் கருவியை வெளியில் எடுக்கவில்லை. பைக்குள் கையை விட்டு எதையோ அமத்தினேன்.

"பிடிச்சிட்டா மனே?"

"ஓம் அக்கா, நல்லாப் பிடிச்சிட்டு."

"அப்ப வீடு வரும்?"

"வரும், வரும்."

அலுவலகத்தில் கருவியைக் கணினியில் பொருத்தினார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. என்னிடம் இருந்தது அக்காவின் ஒரே ஒரு படிவம். கணினி இரண்டுக்கும் கலியாணம் செய்துவைத்தது. பட்டியல் வந்தபோது அக்காவின் பெயருக்கு நேரே, 'பாதுகாப்புக் காணி, அனுமதி இல்லை' என்றிருந்தது. வரைபடத்தில் அவருடைய வீடு சாவடியின் நடுவில் நின்றது.

அன்றைக்கே எழும்பிப்போய்ப் பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ, சாவடியை ஏன் அளந்தாய் என்று யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற யோசனையில் வயிற்றோட்டம் பிடித்து லீவு போட்டேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வாயைத் திறக்கவில்லை. இதை வைத்துக் கூட்டாளிமாரை இன்றைக்கும் சிரிக்க வைப்பேன். மூன்று கிழமையை மட்டும் கதையில் இரண்டு நாளாக்கிவிடுவேன்.

கடைசியில் சொன்னபோது என் மேலதிகாரி கோபிக்கவே இல்லை.

"இவ்வளவுதானா ஐசே? போய் இன்னொருக்கா அளந்திட்டு வாங்க."

அந்தக் கிழமைதான் பாதை மூடியது. பிறகு ஷெல். பிறகு அந்தப் பக்கத்துச் சனம் காட்டாலும் தண்ணியாலும் எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் கிடந்தது.

சண்டை எல்லாம் முடிந்து, சனம் ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்குப் புதிய கணினிமுறை வந்திருந்தது. அக்காவின் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டேன். 'ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது' என்றது. திருத்துகிற அதிகாரம் எங்களுக்கு இல்லை. கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். அந்தத் திட்டம் மூடப்பட்டுவிட்டது என்று ஒரேயொரு பதில் வந்தது.

கருவியை எடுத்துக்கொண்டு கதிரவெளிக்குப் போனேன். வழியில் இருந்த சாவடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கிழிந்த மண் மூட்டைகள் மட்டும் கிடந்தன. அக்கா அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தறப்பாளுக்குக் கீழ் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மூன்று கிழமையைக் குறைக்காமல் சொன்னேன்.

"சாவடிக்குள்ளயா என்ட வீடு?" என்றார். "அப்ப சமைக்க என்ட குசினிக்குப் போனாலும் செக் பண்ணித்தான் விடுவானுகள்."

நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அந்த மூண்டு கிழமைக்குள்ள வந்திருந்தா அளந்திருக்கலாம், என்ன?"

"ஓம் அக்கா."

வாசலால் போய் ஹோலில் நின்றேன். முழங்கால் உயரத்துக்குப் புல். கருவியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, செய்மதிகள் ஒவ்வொன்றாக வரும்வரை காத்திருந்து அமத்தினேன்.

"இப்ப சரியா விழுந்திட்டா?"

"சரியா விழுந்திட்டு."

"இத எங்க குடுப்பீங்க?"

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கினேன். அவசரத்தில் சுவர் இருந்த இடத்தால் இறங்கி நடந்தேன். இந்த முறை அக்கா வாசலைக் காட்டவில்லை.