தைக்காத கிழிசல்

பாலையூற்றில் குஷன் வேலை செய்யும் முஸ்லிம் நானா, நான் கொண்டுபோன அப்பாவின் பழைய மொறிஸ் காரின் பின்சீற் தோலை உரித்தார். தேங்காயெண்ணெய் மணம் எழுந்தது. தோல் வெடிக்கக் கூடாதென்று ஞாயிறுதோறும் அப்பா பூசிய எண்ணெய். இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசியவர், நடுவிலிருந்த நீளக் கிழிசலை மட்டும் இத்தனை வருடமும் தைக்க விடவில்லை.

சண்டைக் காலத்தில், துறைமுக வீதிச் சென்றியில் மறித்துச் சோதித்த ஓர் ஆமிக்காரன் கத்தியால் கீறியது அது. உள்ளே வெறும் தேங்காய்த் தும்புதான் இருந்தது. அன்று மாலையே அம்மா அதை அழகாகத் தைத்துவிட்டார். மறுநாள் அதே சென்றியில் புதுத் தையலைக் கண்டார்கள். எதை ஒளித்துத் தைத்தாய் என்று அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். காரில் காத்திருந்த அம்மாவின் விரல்கள் என் தோளை நோகும்படி பற்றியிருந்தன. வெயில் சாய்ந்த பிறகே அப்பா திரும்பி வந்தார். வந்ததும் தையலைப் பிரித்தார்.

"திறந்தே கிடக்கட்டும். பாக்கிறவன் பாக்கட்டும்."

பள்ளிக்கூடம் போகும்போது தும்பு தொடையில் குத்தும். சென்றி தெரிந்ததும், கிழிசல் தெரியும்படி நான் நகர்ந்து உட்காருவேன்.

"தங்கச்சி, புதுத் தோல் வடிவா இரிக்கா?" என்றார் நானா, வேலையை முடித்துவிட்டு.

"ஓம்" என்றேன்.

வீட்டில் அப்பா பின்சீற்றில் ஏறினார். தோலைத் தடவிக்கொண்டே போன விரல், கிழிசல் இருந்த இடத்தில் நின்றது.

"பிள்ளை, ஆரும் மறிச்சா, உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு இனி எப்பிடிக் காட்டுறது?"