அடிக்கோடாகிப் போன பெயர்கள்

போன வாரம் தங்கை மகள் தன் புதுப் போனில் குற்றாலப் படங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் திறந்தாள். ‘மாமா குளிக்கப் பயந்த அருவி’ என்று தமிழில் தட்டி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையையும் ஒட்டினாள். போன் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது. அந்தத் தமிழ்ப் பெயரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலிக்காக இல்லை, பயந்தது உண்மைதான்.

மேலகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்ததை உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா? சாரல் காலத்தில் கீபோர்டு முதற்கொண்டு நமுத்துப்போகும். பக்கத்துக் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் தேங்காயெண்ணெய் வாசம் எந்நேரமும் அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசம் பட்டால் கடையின் சர்வர் கம்ப்யூட்டர் ஞாபகம்தான் வருகிறது. முதலாளி அண்ணாச்சி ஒரு வெப்சைட் நடத்தினார். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கிருந்தும், வீட்டுக்காரர்கள் இங்கிருந்தும் படம், குரல் எல்லாம் ஏற்றி வைக்கலாம். போனிலேயே எல்லாம் போய்வராத காலம் அது. சைட்டைக் கட்டியவன் நான். படித்து முடித்த புதிது, தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா!

ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதுதான் ரோதனை. நம் ஆட்கள் வெறுமனே பெயர் வைப்பார்களா? ஒருவர் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கமாட்டார்; இன்னொருவர் 786 போட்டு ஒரு சாய்கோடு இழுக்காமல் தொடங்கமாட்டார். சாய்கோட்டைக் கண்டால் சர்வர் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு திக்குமுக்காடும். எரிச்சலில் சல்லடை மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர எது வந்தாலும், எத்தனை வந்தாலும், ஒரே ஒரு அடிக்கோடாக ( _ ) மாற்றிவிடும். “எமகாதகன்லே நீ” என்று அண்ணாச்சி டீ வாங்கித் தந்தார்.

மீராள் அக்கா கைப்பிள்ளையோடு தென்காசியிலிருந்து வந்தார். வீட்டுக்காரர் சவூதியில்.

“தம்பி, பேரு இங்கிலீஷ்லதான் போடணுமா?”

“தமிழ்லயே போடுங்கக்கா. நம்ம சைட்டு எதையும் தாங்கும்.”

சொன்ன வாயைத் தைக்க வேண்டும். ‘எங்க வீட்டு ராசா’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அந்த ராசா, அக்காவின் வீட்டுக்காரர், வாரம் ஒருமுறை குரல் பதிந்து அனுப்புவார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான்தான் முதலில் கேட்பேன். ஓர் ஆடி மாதம், “மெயினருவில தண்ணி விழுதா? பிள்ளைக்குத் தலைய நல்லா துவட்டி விடுட்டி” என்று வந்தது. அடுத்த வாரம் அவருக்கு மாரடைப்பு. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அக்கா முகம்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வந்து, ஹெட்போனை மாட்டி அதைக் கேட்டுவிட்டுப் போவார்.

பண்பொழியில் நிச்சயம் முறிந்த ஒரு வீட்டார் தங்கள் படங்களை அழிக்கச் சொன்னார்கள். அவர்களும் தமிழில்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஃபோல்டரோடு அழித்தேன். என் சல்லடையில் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் ஒரே அடிக்கோடாகி, ஒரே ஃபோல்டரில்தான் கிடந்திருக்கின்றன. அவரவர் பட்டியல் தனித்தனியாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். எல்லாம் ஒன்றாகப் போயிற்று, ராசாவின் குரலும். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் தப்பித்தார்கள். நகல் எடுத்து வைக்கச் சொல்லி அண்ணாச்சி வாங்கித் தந்த டிஸ்க், உறைகூடப் பிரிக்காமல் மேசைக்கடியில் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருக்கலாம்.

“தலை துவட்டச் சொன்னது மட்டுமாவது இருக்கா தம்பி?”

“இல்லக்கா.”

“நல்லாப் பாரேன்.”

பார்ப்பதுபோல் நடித்தேன், ஒரு மணி நேரம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

கடை இப்போது இல்லை. அண்ணாச்சியும் இல்லை, சைட்டும் இல்லை. மீராள் அக்காவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். துட்டி கேட்கப் போனேன். அந்தக் கைப்பிள்ளை வளர்ந்து என் தோளுக்கு மேல் நிற்கிறாள். வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, எங்க அத்தா குரல நீங்க கேட்டிருக்கியள்லா? எப்படிண்ணே இருக்கும்?”

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். சொல்லிக் காட்டினேன். என் குரலில்தான் வந்தது.