டோக்கியோ நேரத்தில் பிறந்த தம்பி

க்ர்ர்ர்… டொக்!

முள்ளைத் திருப்பும்போது எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் போடும் சத்தம் இது. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது… இன்னும் காதில் இருக்கிறது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் காஜா பேராங் என்ற ஊரில் பலகை வீடு. எனக்கு எட்டு வயசு.

வந்ததும் வராததுமாக, மலாயா முழுக்க இனி டோக்கியோ டைம் என்று உத்தரவு போட்டுவிட்டான். நேற்றுவரை ஏழரை மணி… இன்றைக்கு அதுவே ஒன்பது மணி! ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வெயில் மிச்சம் இருக்கும்.

அப்பாவுக்கு ஆபீசில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. அவர்தான் அம்மாவுக்கு விளக்கினார்.

“லண்டன் பக்கத்துல ஒரு கோடு வெச்சிருக்கான். அங்கேருந்து கெழக்கால வர வர மணி கூடும். நமக்கு ஏழரை மணி நேரம் கூட. டோக்கியோ இன்னும் கெழக்கால இருக்கு, அதுக்கு ஒம்பது. இப்ப அவன் புடிச்ச ஊருக்கெல்லாம் அதே மணிதான்.”

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“அங்க விடிஞ்சா இங்க நான் ஏங்க எந்திரிக்கணும்?”

கோடு போட்டவனே இதற்குத் திணறியிருப்பான்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ஆட்சி. அப்பா வீட்டில் இருக்கும்வரை கடிகாரம் டோக்கியோ. ஜப்பான்காரன் வந்து மணியைப் பார்த்தால் கன்னம் பழுத்துவிடும் என்று அவருக்கு பயம். அவர் படி இறங்கியதும் அம்மா ஸ்டூலில் ஏறி முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார். சாயங்காலம் அப்பா வந்து மறுபடி முன்னால் தள்ளுவார். இந்த இழுபறியில் கடிகாரத்துக்கே புத்தி பேதலித்து, பத்து மணிக்கு மூன்று அடிக்கும்.

அம்மா வயிற்றில் தம்பி இருந்தபோதும் ஸ்டூல் ஏறுவது நிற்கவில்லை…

எங்களோடுதான் மருதை மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. இருபது வயசு, ஆள் வாட்டசாட்டம், பல்லியைக் கண்டால் அலறுவார். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்ட மரவள்ளிக்கிழங்குதான் எங்களுக்குச் சோறு.

தம்பி பிறந்த அன்று விடியும்போதே அம்மாவுக்கு வலி. அப்பா மருத்துவச்சியை அழைத்து வந்து விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினார். லீவு கேட்டாலும் அறை விழும் காலம். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். வெளியே அடைமழை.

மருத்துவச்சி வெளியே வந்து சுவரைப் பார்த்துச் சொன்னாராம்: “ஆம்பளப் புள்ள. மணி பதினொன்னரை.”

இரண்டு நாள் கழித்து, செமாபோக்கிலிருந்து வந்த ஜோசியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“பழைய டைம் பதினொரு மணி வரைக்கும் கார்த்திகை நட்சத்திரம். அதுக்கப்புறம் ரோகிணி. உங்க கடிகாரத்துல அன்னிக்கு எந்த டைம் ஓடுச்சு?”

டோக்கியோ என்றால் உண்மையில் பத்து மணி, பிள்ளை கார்த்திகை. பழைய டைம் என்றால் ரோகிணி. ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அப்பா திருதிருவென்று விழித்தார். சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால் அன்று அதுவும் வரவில்லை.

மருதை மாமா துணியை மூட்டை கட்டினார்.

“எங்கடா?”

“ரம்பாய் பக்கம் எஸ்டேட்டுல கூட்டாளி இருக்கான்க்கா. அங்க போயிடுறேன்.”

“எஸ்டேட்டு ஆம்பளைங்கள லாரியில ஏத்தி சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்புறான்டா!”

“சயாம் போனாலும் திரும்பி வரலாம்க்கா. ரோகிணி விடாது லா.”

அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்தார். பிள்ளை பெற்று இரண்டு நாளான உடம்பு போட்ட சத்தமா அது!

“வலியில கெடந்தவ ஸ்டூல்ல ஏறியிருப்பேனா? யாரும் முள்ளத் தொடல. அது டோக்கியோ மணிதான். புள்ள கார்த்திகை!”

டோக்கியோ நேரத்துக்கு அம்மா ஆதரவு கொடுத்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். மாமா தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

ஜோசியர் மட்டும், “எதுக்கும் மாமன் மொதல்ல எண்ணெயில பாத்துடட்டும்” என்றார். பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்காமல், எண்ணெயில் விழும் நிழலில் பார்த்தால் தோஷம் குறையுமாம். விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அப்பா பின்னாலிருந்து பிள்ளையைத் தூக்கிக் காட்ட…

சர்ர்ர்ரென்று நேராகக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டான் என் தம்பி!

வீட்டில் இருந்த எண்ணெய் அவ்வளவுதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். மூட்டையைப் பிரித்துவிட்டார்.

ஜப்பான்காரன் போனான், பழைய மணி வந்தது. பல வருஷம் கழித்து நம் அரசாங்கமே அரை மணி நேரம் முன்னால் தள்ளியபோது மாமா எனக்குப் போன் போட்டார். “ஏம்மா, இந்த அரை மணியில அவன் நட்சத்திரம் ஏதும் மாறிடாதே?”

கல்யாணமே செய்துகொள்ளாத மாமாவைக் கடைசிவரை குருபோங்கில் தன் வீட்டில் தம்பிதான் வைத்துப் பார்த்துக்கொண்டான். அங்கே ஒரு நாள், தம்பி வெளியே போயிருந்தபோது, மாமா தானாகவே சொன்னார்.

“அன்னிக்கு ஒங்கப்பா போனதும், அந்த வலியிலயும் ஒங்கம்மா ஸ்டூலக் காட்டி முள்ளத் திருப்புடான்னா. நான்தான் ஏறித் திருப்புனேன். அது பழைய டைம்தான்.”

“அப்ப ரோகிணின்னு தெரிஞ்சேவா இருந்தீங்க?”

“அக்கா எனக்காகப் பொய் சொல்லிட்டா. அப்புறம் எண்ணெயில அவன் மூஞ்சியப் பாத்துட்டேன். எப்படிம்மா போறது?” மாமா வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். “அடுத்த வாரமே ரம்பாய்க்கு லாரி வந்துச்சு. என் கூட்டாளி போனவன்தான்… திரும்பல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது தம்பியின் பேத்தி டோக்கியோவில் படிக்கிறாள். வீடியோ காலில் வருகிறாள், அந்த ஊர் மணியை போனே காட்டுகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முள்ளோடு சண்டை போட ஸ்டூல் ஏறும் அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை.

தம்பி இன்றும் கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால், “கார்த்திகை” என்கிறான்.

நான் பக்கத்தில்தான் நிற்பேன். திருத்துவதில்லை.