யாருக்காக வைத்த சூப்

வெல்டா குர்ட்ஸ் இருபத்தாறு வருஷம் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். புருஷன் செத்த வருஷம் ஆரம்பித்தது. சட்டைத் தொழிற்சாலைக்கு ஓடும் பெண்கள் காலை ஆறு மணிக்கே தூக்கம் கலையாத பிள்ளைகளை அவள் சமையலறை வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை காசு போட்ட ஒரு கவர் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஊரில் அவள் மூக்குத் துடைத்துவிடாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்று துப்பாக்கியும் தொப்பியுமாகத் திரிகிற போலீஸ்காரனுக்கும் அவள்தான் ஒரு காலத்தில் கால்சட்டை மாட்டிவிட்டாள்.

சொந்தப் பிள்ளை இல்லை. இருந்த ஒரே கர்வம் கைச்சமையல். இரண்டு தெரு தள்ளி பெக்கி ஷ்ரோடர் என்று ஒருத்தி, அவளும் பிள்ளை பார்ப்பவள்தான். பாக்கெட்டில் உறைந்து கிடக்கும் கோழித்துண்டைச் சூடாக்கிப் போடுவாள். "அதைத் தின்னு அந்தப் பிள்ளைங்க உசிரோட இருக்கிறதே பெரிசு" என்று வெல்டா வாய்க்கு வாய் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அது நடந்தது. 1991 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே மின்சாரப் பானையில் சூப் வைத்திருந்தாள். பக்கத்து அறையில் ஒரு கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நிமிஷத்தில், இரண்டு வயது கெய்லா மேடையிலிருந்து தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். கழுத்து, தோள், இடது கை எல்லாம் வெந்துபோயிற்று. அந்த அலறலைத் தெருவே கேட்டது.

கெய்லாவின் அம்மா ரோண்டா, தானும் வெல்டாவிடம் வளர்ந்தவள். உடையெல்லாம் நூல் ஒட்டியிருக்க, தொழிற்சாலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. செயின்ட் லூயிஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். குழந்தை வளர வளர அது இழுக்கும், திரும்பத் திரும்ப அறுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து நேரே ரோண்டா வந்தாள்.

"வெல்டி, தப்பா எடுத்துக்காத. ஆஸ்பத்திரிக்குக் கட்ட எங்களால முடியல. பேருக்குத்தான் உன்மேல கேஸ். பணம் குடுக்கப்போறது உன் வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிதான்னு வக்கீல் சொல்றாரு."

"இதுக்கா இப்படி முழிக்கிற? தாராளமாப் போடு. வருஷா வருஷம் கட்டினது வேற எதுக்கு? பிள்ளைக்கு ஆகட்டும்."

வெல்டாவே இழுப்பறையைக் குடைந்து, பாலிசி நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்துக் கம்பெனிக்காரன் ஒருவன் போனில் வந்தான். பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டான். குரலில் தேன் ஒழுகியது.

"பானையில என்னம்மா இருந்துச்சு?"

"சூப். மாட்டுக்கறி, பார்லி, காய் போட்டது."

"யாருக்காக வெச்சீங்க?"

இரண்டு மாதமாகத் தன்னையே நொந்து நொந்து துரும்பாகிப் போயிருந்தவள் அவள். இப்படியொரு கேள்வி வந்ததும், தான் எப்படிப்பட்ட பொம்பளை என்று அவன் எடை போடுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"யாருக்கா? பிள்ளைங்களுக்குத்தான்! பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டுறவ இல்ல தம்பி நான். என்கிட்ட விடுற பிள்ளைக்கு என் கையால ஆக்கித்தான் போடுவேன். அதுக்குத்தானே காசு குடுக்கிறாங்க."

"ரொம்ப நன்றிம்மா" என்றான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வீட்டில் நடத்தும் தொழிலால் வரும் விபத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். எந்த வீட்டிலும் சாதாரணமாக நடக்கிற வேலையால் வந்திருந்தால் கொடுப்பார்களாம். ஆனால் இந்த சூப், காசுக்குப் பார்த்த பிள்ளைகளுக்காக வைத்த சூப் என்று அவளே சொல்லிவிட்டாளாம். அதனால் ஒரு பைசா கிடையாது. இனி கேஸில் வருவதை வெல்டாதான் கட்ட வேண்டும்.

பின்னறையில் குடியிருந்த அவள் அண்ணன் டெல்பர்ட், தானியக் கிடங்கில் வேலை பார்ப்பவன், கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அந்த சூப் எனக்கில்ல? ராத்திரிக்கு ஆகும்னு காலையில நீதானே சொன்ன?"

"உனக்கும்தான். மத்தியானம் பிள்ளைங்களுக்கு ரெண்டு கரண்டி, மீதி உனக்கு."

"அதை அவன்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"பிள்ளை வெந்து கிடக்கு, அதுல உன் ராத்திரிச் சோத்தைப் பத்தி எவ பேசுவா?"

பாத்திரம் ஒன்று, சூப் ஒன்று, சூடு ஒன்று. அந்தப் பிஞ்சுத் தோலுக்கு அது யார் பங்கு என்று தெரியுமா? எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. டெல்பர்ட்டின் சூப் என்றால் வெல்டாவின் வீடு பிழைக்கும், பிள்ளைகளின் சூப் என்றால் போய்விடும். இதுதான் சட்டம். உயில் எழுதிப் பழகிய உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பிடித்துக் கம்பெனிமேல் கோர்ட்டுக்குப் போனாள். கேஸ் என்றதும் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. பெக்கி வீட்டில் கூட்டம் தாங்கவில்லை.

கோர்ட்டில் டெல்பர்ட் இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு போய், "எனக்குத்தான் வெச்சா" என்று சத்தியம் பண்ணினான்.

"வாடகை குடுக்கிறீங்களா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"இல்ல."

"இந்த வீடு போச்சுன்னா எங்க போவீங்க?"

டெல்பர்ட் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"அப்ப சூப் உங்களுதா இருந்தா உங்களுக்கு வசதிதான், இல்லீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்து வெல்டா ஏறினாள். அவள் குரலையே டேப்பில் போட்டுக் காட்டினார்கள்.

"போன்ல சொன்னது பொய்யாம்மா, இப்ப சொல்றது பொய்யா?"

"ரெண்டும் உண்மைதாங்க."

நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கம்பெனி ஜெயித்தது. ரோண்டா தன் வழக்கை வாபஸ் வாங்கலாமா என்று தன் வக்கீலிடம் கெஞ்சினாள். வாங்கினால் ஆஸ்பத்திரிக்காரன் உன் கழுத்தைப் பிடிப்பான் என்று அவர் பயமுறுத்தி அனுப்பினார். வெல்டாவிடம் இருந்தது வீடு ஒன்றுதான். ரோண்டாவின் கேஸில் தீர்ப்பான பணத்துக்கு அது மறுவருஷம் அக்டோபரில் ஏலம் போயிற்று. ஆஸ்பத்திரியும் வக்கீல்களும் எடுத்தது போக, கெய்லாவின் அடுத்த அறுவைக்குக்கூட மிச்சம் நிற்கவில்லை.

வீட்டைக் காலி செய்கிற அன்று ரோண்டா வந்தாள். வெறும் சமையலறையில் இரண்டு பேரும் நின்றார்கள். உட்கார நாற்காலி இல்லை.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"தலையை இந்தப் பக்கம் திருப்ப முடியல. பெக்கிகிட்ட விட்டிருக்கேன். வேற யாருமில்ல வெல்டி."

"விடு, விடு. பத்திரமா பாத்துக்குவா."

ரோண்டா கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒன்னு கேக்கட்டுமா? கோவிச்சுக்காத. கோர்ட்டு, வக்கீல் எல்லாம் முடிஞ்சு போச்சு. என்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லு. அந்த சூப் யாருக்கு?"

 தன் கையால் வளர்த்த பிள்ளையும் நம்பவில்லை. "ரெண்டு பேருக்கும்தான்டி" என்று சொல்ல வெல்டா வாயெடுத்தாள். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், இப்போது வரவில்லை. டேப்பில் கேட்டது ஞாபகம் வந்தது, வக்கீல் சொல்லிக்கொடுத்தது வந்தது, டெல்பர்ட் சத்தியம் பண்ணினது வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை மட்டும் வரவில்லை. பிள்ளைகளுக்கென்றால் கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்குவாள், டெல்பர்ட்டுக்கென்றால் பெரிது பெரிதாகப் போடுவாள். அன்றைக்கு எப்படி நறுக்கினோம் என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"தெரியலடி" என்றாள்.