பிரபு குடும்பத்து டி-ஷர்ட்

நல்லூர் பனியன் யூனிட்டில் நான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தபோது, ஜெர்மனியில் குழந்தைகள் உடுப்பு விற்கும் கம்பெனியிலிருந்து இசபெல் என்ற டிசைனர் வருவார். ஒருமுறை தன் வீட்டுத் தேவைக்கும் ஒரு சின்ன ஆர்டர் கொண்டுவந்தார். அவர்களுடையது பழைய பிரபு குடும்பம். அப்பாவுக்கு ‘கவுண்ட்’ என்று பட்டம். எங்களுக்குக் கவுண்ட் என்றால் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட்தான் தெரியும். அந்தக் கோடையில் சொந்தபந்தமெல்லாம் கூடுகிறார்களாம். எல்லாருக்கும் ஒரே டி-ஷர்ட், முதுகில் வம்ச மரம். ஆர்ட்வொர்க்கை அப்பாவே தயார்செய்து அனுப்பியிருந்தார்.

பிரிண்டிங் மாஸ்டர் செல்வராஜ் சாம்பிள் அடித்துக் கொண்டுவந்தார்.

“ஏனுங்க மேடம், ஒரே பேரு ரெண்டு எடத்துல வருதுங்க. தப்போன்னு கேட்டுப்போடலாம்னு வந்தேனுங்க.”

தப்பில்லை என்றார் இசபெல். அவருடைய தாத்தாவும் பாட்டியும் மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை. பிரபு வம்சத்தில்தான் கட்ட வேண்டும். அதனால் சுற்றிச்சுற்றி அதே சில குடும்பங்கள்தான்.

நான் தமிழில் சொன்னதும் செல்வராஜ் சிரித்தார். “நம்மூட்டுக் கதையாட்டமே இருக்குதுங்க. நானும் மாமன் புள்ளையத்தானுங்க கட்டியிருக்கறேன்.”

இசபெலும் சிரித்தார். ஆனால் அப்ரூவலில் கையெழுத்துப் போடவில்லை. அவர் விரல் மரத்தில் தன் அண்ணன் பேரில் நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லையா?” என்று கேட்டேன்.

ஆகியிருந்தது. ஒரு நர்ஸை விரும்பிக் கட்டியிருந்தார். பிரபு வம்சத்தில் பிறக்காத மனைவிக்கும் அவள் பிள்ளைக்கும் வம்ச மரத்தில் இடமில்லை என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். அப்பா கல்யாணத்துக்கே போகவில்லை. பேத்திக்கு நாலு வயது, இன்னும் பார்த்ததில்லை.

என் மகனும் எங்கள் யூனிட்டில் செக்கிங்கில் இருந்த தூத்துக்குடிப் பெண்ணைக் கட்டியவன். என் அண்ணன்மார் அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இதைச் சொன்னேன்.

“உங்கள் வீட்டில் அவளுக்கு இடம் உண்டா?” என்று இசபெல் கேட்டார்.

“கல்யாணமானதும் ரேஷன் கார்டில் அவள் பேரை ஏற்றியதே நான்தான்” என்றேன்.

இசபெல் விரலை அண்ணன் பேருக்குக் கீழே வெறும் இடத்துக்கு நகர்த்தினார். அங்கே இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க முடியுமா என்றார்.

“புது பிரிண்டிங் ஸ்கிரீன் போட்டாப் போச்சுங்க” என்றார் செல்வராஜ். “ஆனா படம் அனுப்புன பெரியவரு ஒத்துக்கோணுமில்லீங்க?”

இசபெல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஜெர்மனில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பேத்தி யோஹன்னா பேரை எழுத ஒரு ‘என்’ எழுத்தா, இரண்டு ‘என்’ எழுத்தா என்று.”

செல்வராஜுக்குச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து நீட்டினார். “புள்ளையோட அம்மா பேரையும் எழுதச் சொல்லுங்க மேடம். எழுத்து மாறிப்போச்சுன்னா சங்கடமுங்க.”

சைஸ் பட்டியலில் அம்மாவுக்கு ஒன்றும், நாலு வயசுக்கு ஒன்றும் சேர்த்தோம்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கலர், அளவு, பிரிண்ட் விழும் இடம் எல்லாம் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். எதிரில் இருப்பவர் முகத்தையும் பாருங்கள் என்பேன் நான். கையெழுத்துப் போடப்போன கை நின்றுவிட்டால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.