ரத்தினவேல் அண்ணன் டேப்பட்டை இறுக்கிய கதை

ரத்தினவேல் அண்ணனுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. வண்டியைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. அதில் தப்பில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் தப்பு.

கறம்பக்குடியைச் சுற்றி முப்பது ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் அவர். குவைத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, பயிற்சி எடுத்து, பதினான்கு வருடமாக இதே வேலை. பைக்கின் பின்னால் இரும்புக் கூடை வைத்து வெல்டு அடித்திருப்பார். ஊசி மருந்தை உறைய வைத்த கனமான குடம் அதில்தான் உட்காரும். மச்சினன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பருவத்துக்கு வந்து மாடு கத்துகிறது என்று போன் வந்ததும் பாதி இலையோடு எழுந்து போன மனுஷன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் அவருடைய மெக்கானிக் என்பதால் கோபமும் உண்டு.

அவர் வண்டிச் சத்தம் மாடுகளுக்கு மனப்பாடம். தெருமுனையில் டக்டக் என்று கேட்டாலே கயிற்றை இழுத்து மிரளும். மிரண்ட மாட்டுக்குச் சினை நிற்காது என்பது அண்ணனின் முடிவு. கண்ணாத்தாளின் ஒற்றைப் பசுவுக்கு இரண்டு முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. அந்தம்மாவும் சொல்லிவிட்டது.

"இந்தத் தடவையும் நிக்கலேன்னா மாட்டு ஏவாரிகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன் தம்பி. வெறும் மாட்டுக்கு எத்தன நாளு தீனி போடுறது?"

ஏவாரி வாங்கும் வெறும் மாடு அடிமாட்டு லாரியில்தான் ஏறும் என்று அண்ணனுக்குத் தெரியும். சத்தத்தைத்தான் ஒழிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். என்னைக் கேட்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து, என்ஜின் தலையில் வால்வு இடைவெளியை வைக்கும் திருகான டேப்பட் இரண்டையும் சத்தம் அடங்கும் வரை இறுக்கிவிட்டார். வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக் கைக்கும் நடுவே ஒரு முடி கனத்துக்கு இடைவெளி வேண்டும். சூட்டில் வால்வு நீளும். நீள இடமில்லை என்றால் சரியாக மூடாது. மூன்று நாள் வண்டி பூனை மாதிரி போனதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

நான்காம் நாள் பதினோரு மணிக்குக் கண்ணாத்தாளிடமிருந்து போன். விடியலிலிருந்து மாடு கத்துகிறது. அப்படியென்றால் பொழுது சாய்வதற்குள் ஊசி போட்டாக வேண்டும். அண்ணன் கிளம்பினார், பாதி வழியில் வண்டி நின்றது. மத்தியான வெயிலில் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ஜின் போச்சுடா அறிவு. ஒதைச்சா காத்தா இறங்குது."

கிக்கரை மிதித்துப் பார்த்தேன். கால் வெண்ணெயில் இறங்கியதுபோல் இறங்கியது. என்ஜினில் அழுத்தமே இல்லை; வால்வு மூடவில்லை.

"டேப்பட்ல யாருண்ணே கை வச்சது?"

அவர் குடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டி முடித்து, "ஆறட்டும், மூணு மணி நேரம் ஆகும்" என்றேன்.

"மூணு மணி நேரமா? தண்ணிய ஊத்துவோம்டா!"

"ஊத்துனா ஹெட்டு வெடிச்சுரும். சூட்டுல வச்சா அளவும் நிக்காது. அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாதுண்ணே, ஒங்களுக்கா தெரியாது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் வண்டியைத் தம்பி விராலிமலைக்கு எடுத்துப் போயிருந்தான். கடையில் நின்ற மற்றவை எல்லாம் பிரித்துப் போட்டவை. அந்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் போக முடியாது. அண்ணன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாத்தாள் நாலு தடவை கூப்பிட்டாள்.

நாலு மணிக்கு மூடியைக் கழற்றினேன். என்ஜினின் மேக்னெட் சக்கரத்தைத் திருப்பி, அதிலுள்ள குறிக்குக் கொண்டுவந்து பார்த்தால் இரண்டு டேப்பட்டும் அசையவில்லை, துளி இடைவெளி இல்லை. நட்டைத் தளர்த்தி, அளவுத் தகட்டை நடுவில் விட்டு, அது லேசாக உரசிக்கொண்டு வரும்படி வைத்து இறுக்கினேன். இறுக்கும்போது அளவு மாறியது. மறுபடி வைத்தேன். வால்வு கருகியிருந்தால் இத்தனையும் வீண். அதை அவரிடம் சொல்லவில்லை.

கிக்கரில் காலை வைத்தேன். காலை எதிர்த்துத் தள்ளியது! அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த மிதியில் டக்டக் என்று பிடித்துக்கொண்டது. அண்ணன் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் பறந்தார். ஐந்தரை மணிக்குப் போன்: "போட்டாச்சு."

அதற்குப் பிறகு நாள் எண்ணியது நானும்தான். சினை நிற்காத மாடு மறுபடி கத்தும் இருபத்தொன்றாம் நாள் அது கத்தவில்லை. மறுநாளும் இல்லை. மூன்று மாதம் முடிந்து அவர் சோதிக்கப் போனபோது, கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அண்ணன் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"சென தான் ஆத்தா."

கண்ணாத்தாள் மாட்டையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல அந்த ஏவாரி நம்பரு இருக்கும். அழிச்சு விடு தம்பி."